அரைச் சுற்று

1939 பிப்ரவரி 19, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். மில்லுக்கு விடுமுறை. கடலை வரத்து அதிகம் என்பதால் ஆயில் என்ஜின் ஆறு நாளும் ஓடியது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். என்ஜின் நின்றுவிட்டது, காதுக்குள் இன்னும் ஓடுகிறது.

செய்ய வேண்டியவை: மோட்டார் சைக்கிள் செயினைக் கழற்றிக் கழுவ. கார்பைடு விளக்கின் மூக்கைக் குத்திச் சுத்தம் செய்ய. அக்காளுக்குக் கடிதம். முதலாவது மட்டும் ஆயிற்று.

பதினோரு மணிக்கு ராமுலுவின் பெட்ரோல் கடை. வழக்கமான மூன்று பேர்: ராமுலு (ரா.), மாதையன் (மா.), நான். தர்மபுரியில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வேறு சிலரும் உண்டு. டாக்டர், ரேஞ்சர். அவர்கள் வேலைக்காக வண்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் வண்டிக்காக வேலை செய்கிறோம்.

ரா. நாலாவது முறையாகத் தொப்பூர் கணவாய்க் கதை சொன்னார். போன தடவை ஒரு கரடி, இன்று இரண்டு. மா. கேட்டான்: "அடுத்த வாரம் மூணாவது கரடி வண்டி ஓட்டிக்கிட்டு வருமாண்ணா?" ரா. கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய ஏழு குதிரைச் சக்தி இரட்டை சிலிண்டர் வண்டியைக் குறை சொன்னால்தான் கோபம் வரும். பெட்ரோலாகக் குடிக்கிறதே என்றால், "தின்ற மாடுதாம்ப்பா இழுக்கும்" என்பார்.

மா. வத்தல்மலை ஏறிய கதை. மாட்டுத்தடத்தில் பாதி வழி வண்டி இவனைச் சுமந்ததாம், மீதி வழி இவன் வண்டியைச் சுமந்தானாம். மேலே ஊர்க்காரர்கள் இவனுக்குச் சாமைச்சோறு போட்டுவிட்டு, வண்டிக்கு என்ன தீனி என்று கேட்டார்களாம். என் பங்குக்கு, போன ஐப்பசியில் நல்லம்பள்ளி தாண்டி டியூப் கிழிந்து, டயருக்குள் கடலைக்கொடியைத் திணித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்ததைச் சொன்னேன். கை கியரா, கால் கியரா என்று ஒரு மணி நேரம் சண்டை. யாரும் ஜெயிக்கவில்லை.

அப்புறம் சீட்டுக் குலுக்கினோம். அடுத்த ஞாயிறு மாற்று ஞாயிறு. மாதக் கடைசி ஞாயிறு மூன்று பேரும் வண்டியை மாற்றி ஓட்டுவது இரண்டு வருட வழக்கம். சட்டம் மூன்றே. கொடுப்பவன் தன் வண்டியின் குணம் அத்தனையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், யோக்கியமான மாட்டுக்காரன் சந்தையில் சுழி சொல்லி விற்பது போல. ஓட்டியவன் தன் அபிப்பிராயத்தைக் கறுப்பு நோட்டில் எழுத வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரன் எதிர்த்துப் பேசக் கூடாது.

சீட்டு விழுந்த விதம்: என் வண்டி மா.வுக்கு (மறுபடியும்!). அவனுடையது ரா.வுக்கு. ரா.வுடையது எனக்கு. ஒகேனக்கல் போய்த் திரும்ப வேண்டும்.

ரா. நோட்டை எடுத்து, போன மாதம் மா. என் வண்டியைப் பற்றி எழுதியதைக் கடை முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"வயது பதினேழு. நடை நல்ல நடை. ஆனால் புகை. பின்னால் வருகிறவனுக்குக் கண் போகும், கொசுவுக்கு உயிர் போகும். கோவிந்தன் மோட்டார் ஓட்டவில்லை, எண்ணெய்ச் செக்கு ஓட்டுகிறான்."

மண்ணெண்ணெய் வாங்க வந்த ஒரு முகம் தெரியாத ஆள்கூடச் சிரித்தான். நானும் சிரித்தேன். சட்டப்படி பேசக் கூடாதே.

செக்காம்.

பிப்ரவரி 22, புதன்

மில்லில் பெல்ட் இரண்டு தடவை நழுவியது. மேஸ்திரி என்னைத் திட்ட, நான் பெல்ட்டைத் திட்ட.

செக்கு என்ற வார்த்தை இன்னும் போகவில்லை. என் மூன்றரைக் குதிரைச் சக்தி வண்டியை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துரை கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். டாங்கிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. எட்டு மாதம் ஒவ்வோர் ஆணியாக நான் உயிர் கொடுத்தேன். மா.வுக்கு என்ன? கல்யாணத்துக்கு அவன் அப்பா வாங்கிக் கொடுத்த புது வண்டி. மின்சார விளக்கு, கால் கியர், எண்ணெய் தானே போட்டுக்கொள்ளும். பணக்காரன் வீட்டு மாடு.

எழுதிவிட்டு யோசித்தால் வெட்கம். அவன் என்னிடம் ஒரு நாளும் பணக்காரனாக நடந்துகொண்டதில்லை. இருந்தாலும் செக்கு செக்குதான்.

பிப்ரவரி 25, சனி

நாளை சொல்ல வேண்டிய குணங்கள்:

கை கியர். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு மூச்சு பொறுக்க வேண்டும்.

முன் பிரேக் பேருக்கு. நம்பாதே.

சூடாக இருக்கும்போது உதைத்தால் திருப்பி உதைக்கும். முழங்கால் பத்திரம்.

எண்ணெய். இது முக்கியம். டாங்கி மேல் இருக்கும் கைப்பம்பை ஆறு மைலுக்கு ஒரு தடவை அழுத்த வேண்டும். அழுத்தினால் கண்ணாடிக் குமிழுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குவது தெரியும். அவன் வண்டியில் இந்த வேலையே இல்லை, மறந்துவிடுவான். இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

எவ்வளவு சொட்ட வேண்டும் என்பதற்கு மேலே ஒரு பித்தளைத் திருகு. சாயங்காலம் அதை அரைச் சுற்று மூடினேன். சேலம் ரோட்டில் நாலு மைல் ஓட்டிப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் புகையே இல்லை! கழுவிவிட்ட மாதிரி ரோடு.

என்ஜினுக்குக் கொஞ்சம் பட்டினிதான். ஒரு நாளுக்கு ஒன்றும் ஆகாது. திங்கட்கிழமை பழையபடி திறந்துவிட வேண்டும். இதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் புகை எங்கே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டிவரும். நாளைக்கு நோட்டில் என்ன எழுதுகிறான் பார்க்கலாம்.

பிப்ரவரி 26, ஞாயிறு

விடிந்துவிட்டது. பனி இல்லை. துண்டு, ஸ்பேனர், புளிச்சோறு. கிளம்ப வேண்டும்.

பிப்ரவரி 28, செவ்வாய்

மாதையன் செத்துப்போனான்.

மா. என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று அடக்கம், இண்டூருக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்திலேயே. இன்று மில்லுக்குப் போகவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஞாயிறு காலை கடையில் குணம் சொன்னேன். எண்ணெயை இரண்டு தடவை சொன்னேன். வண்டியைக் கிளப்பியதும் ரா. பின்னால் போய்ப் பார்த்து, "ஏம்ப்பா, புகை எங்க?" என்றார். மாதையன் குனிந்து பார்த்தான். "அட, கோயிந்தா! கெழவனுக்கு வயசு திரும்பிடுச்சாடா?" என்றான். சட்டப்படி பேசக் கூடாது என்பது போல வாயை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளே சந்தோஷம். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: சந்தோஷமாக இருந்தது.

அவன் அன்று சாப்பிடாமல் வந்திருந்தான். வீட்டில் ஏதோ பேச்சு என்றான். மேற்கொண்டு சொல்லவில்லை. என் புளிச்சோற்றில் பாதி தின்றான்.

பென்னாகரத்தில் காபி. இருபது மைல். "எண்ணெய் அழுத்தினியா?" என்றேன். "மூணு தடவை அழுத்துனேன். போதும்டா செக்கு." பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதினான். எட்டிப் பார்த்தேன், மூடிக்கொண்டான். "சாயங்காலம் படிக்கிறேன். இப்பவே பாத்தா உனக்குத் தலைக்கனம் ஏறிடும்."

அப்புறம் மலை இறக்கத்துக்கு முந்தின நேர்ச்சாலை. அவன் முன்னால், முழு வேகம். நான் ரா.வின் யானையோடு மல்லுக்கட்டிக்கொண்டு அரை மைல் பின்னால். ரா. இன்னும் பின்னால். என் மூன்றரைக் குதிரையின் சத்தம் எனக்கு எவ்வளவு தூரத்திலும் கேட்கும். பட்டென்று நின்றது. குறைந்து நிற்கவில்லை, அறுத்தாற்போல நின்றது. பத்து வருடம் என்ஜின் பார்க்கிறவன் நான். எது அப்படி நிற்கும் என்று தெரியும். எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் கவ்விக்கொண்டால் அப்படி நிற்கும். அது நின்றால் பின் சக்கரமும் நிற்கும்.

ரோட்டில் பின் டயரின் கறுப்புக் கோடு, நேராகப் போய், வளைந்து. முதல் வளைவுக் கல்லுக்கு அந்தப் பக்கம் அவன். மூச்சு இருந்தது. துண்டால் தலையைக் கட்டினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் மாட்டு வண்டி கொண்டுவர ஓடினார். ரா. அவரோடு போனார்.

அந்த நேரத்தில் நான் செய்ததை இந்த டைரியில் மட்டும்தான் எழுத முடியும். அவன் தலை என் மடியில். மோட்டார் சைக்கிள் கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்து கிடந்தது. நான் கையை நீட்டி, அந்தத் திருகை அரைச் சுற்றுத் திறந்தேன். பழையபடி. அப்புறம்தான் கையை எடுத்து அவன் நெற்றியில் வைத்தேன்.

மாட்டு வண்டி பென்னாகரம் போய்ச் சேரும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

மார்ச் 3, வெள்ளி

வெயில். மில். என்ஜினுக்கு விட்ட எண்ணெயில் பாதி தரையில்.

போலீஸ் விசாரணை முடிந்துவிட்டதாம். அதிவேகம் என்று எழுதிக்கொண்டார்கள். திருகை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது சரியாகத்தான் இருந்தது. நான்தான் சரி செய்துவிட்டேனே.

ஊரில் பேசுவது: வேகம். கெட்ட நேரம். முனியப்பன் கோயிலில் நிறுத்தாமல் போனான். டீக்கடையில் ஒருவர், "ரெண்டு சக்கரத்துல மனுசன் போறதே ஆகாது, மூணாவது சக்கரம் எமன் போட்டுக்குவான்."

ரா. கடையைத் திறக்கவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

பழக்கத்தில் பதினோரு மணிக்குக் கால் தானாகக் கடைக்குப் போயிற்று. ரா. முன்கதவைப் பாதி திறந்து வைத்திருந்தார். இரண்டு பேரும் பெஞ்சில். மூன்றாவது இடம் காலி. கரடிக் கதை இல்லை.

அவர்தான் சொன்னார். இண்டூரில் பழியெல்லாம் மாதையன் சம்சாரம் பழனியம்மாள் மேல் விழுந்திருக்கிறது. அன்று காலை அவள் களி கிண்டி வைத்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு, "அந்த டப்டப்பையே கட்டியிருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டுனீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். மாமனார் கேட்டுக்கொண்டிருந்தாராம். கோபத்தில் போனவன் கோபத்தில் ஓட்டிச் செத்தான், இவள் வாய்தான் எமன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

"அவ ஒண்ணும் பதில் பேசுறதில்லையாம்ப்பா," என்றார் ரா. "காலைச் சோறு தின்றதையே விட்டுட்டாளாம்."

நான் தண்ணீர் வேண்டும் என்றேன்.

மார்ச் 9, வியாழன்

மில்லில் பெல்ட் புதிது. அக்காளுக்குக் கடிதம் போட்டேன், எல்லாரும் சௌக்கியம் என்று.

நினைவில் வருவது முழுக்க அற்பம். மாதையன் பல்லால் கார்பைடு டப்பா மூடி திறப்பான். கன்னடத்தில் கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாகத் தெரியும். என் வண்டி வயதைக் கேட்டு வருகிறவர்களிடம், "எங்க கோயிந்தன் மூத்த புள்ளைங்க" என்பான். பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறான். இப்போதுதான் புரிகிறது.

மார்ச் 13, திங்கள்

கருமாதி. மேகமூட்டம், மழை இல்லை. ரா.வும் நானும் பஸ்ஸில் போனோம். ரா.வின் வண்டியை எடுக்க இரண்டு பேருக்கும் மனம் இல்லை.

பந்தலில் சொந்தக்காரர்கள் நாற்பது ஐம்பது பேர். மாட்டுக் கொட்டகையில் என் வண்டி, முன் சக்கரம் கோணி. மாட்டு வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். யாரோ அதன் மேல் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள், பிணத்தை மூடுவது போல.

பழனியம்மாள் கதவோரம். மூன்று வயதுப் பெண் குழந்தை அவள் மடியில் மண் தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அண்ணா, அவரு சட்டைப் பையில இந்த நோட்டு இருந்துச்சுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்காருன்னு சொல்லுங்க."

கறுப்பு நோட்டு. ஓரத்தில் ரத்தம் காய்ந்து தாள் ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில்:

"பென்னாகரம். இருபது மைல். புகையே இல்லை. நான் எழுதியது தப்பு, அடித்துவிடலாம். நல்ல வண்டி, நல்ல கை. கொஞ்சம் சூடாக ஓடுகிறது, வெயில்தான். ஜெயித்தது கோவிந்தன். வீட்டில் கோபம். திரும்பும்போது வாளை மீன் வாங்க வேண்டும். பார்த்தால் சிரித்துவிடுவாள்."

எழுத்து கண்ணில் நிற்கவில்லை. சூடாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறான். பட்டினியை வெயில் என்று நினைத்திருக்கிறான்.

வண்டியைப் பற்றி எழுதியதை விட்டுவிட்டேன். கடைசி வரிகளை மட்டும் படித்தேன். இது போதும், இவள் பழி நீங்கிவிடும், நான் வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணம் மனம் கணக்குப் போட்டது. அப்படித்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

"வீட்டில் கோபம். திரும்பும்போது வாளை..."

பந்தலிலிருந்து அவள் மாமனார் எழுந்துவிட்டார். "கேட்டீங்களாப்பா எல்லாரும்! கோவம்னு அவனே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான்! நான் சொன்னப்ப பெரிய மனுசங்க யாரும் நம்பல. செத்தவன் கையெழுத்து, இப்ப நம்புறீங்களா?"

"ஐயா, இன்னும் இருக்குங்க. மீன் வாங்கணும்னு..." என்றேன். யாரும் கேட்கவில்லை. பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பழனியம்மாள் மட்டும் அழவில்லை. நோட்டை என்னிடமிருந்து வாங்கி, மூடி, புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

பாதி நிஜம் சொல்லப் போனேன். அது அவள் கழுத்துக்கே கயிறாயிற்று.

மார்ச் 15, புதன்

ரா. மில் வாசலுக்கே வந்தார். அமாவாசை கழிந்ததும், அடுத்த புதன்கிழமை, பழனியம்மாளை ஏரியூரில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறார்களாம். குழந்தை இங்கேயே இருக்கட்டும், எங்கள் ரத்தம் என்கிறாராம் மாமனார்.

மில் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது போல மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னார்.

அங்கேயே, கடலைத் தோல் மேட்டுக்குப் பின்னால் அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். செக்கு, திருகு, அரைச் சுற்று, மடியில் தலை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோலைக் கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டார்.

"குணம் சொல்லாம குடுத்துட்டியேப்பா," என்றார் கடைசியில். அவ்வளவுதான் கேட்டார். பிறகு, "யாருக்கும் சொல்லாத. போனவன் வரப் போறானா? உன்னை வெட்டிப் போட்டுருவாங்க."

"அந்தப் பொண்ணுக்கு அவ கொழந்தை வேணுமேண்ணா."

அவர் கையிலிருந்த தோலை உதறினார். எழுந்து போனார். பத்தடி போய்த் திரும்பி வந்து, "நான் அன்னிக்குக் கேட்டேன், புகை எங்கன்னு. நானாவது குனிஞ்சு பார்த்திருக்கணும்" என்றார். பாவம், அவர் தலையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 17, வெள்ளி

காற்று. புழுதி. சொல்ல வேண்டிய வாக்கியங்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் "தெரியாமல்" என்ற வார்த்தை எப்படியோ வந்துவிடுகிறது. அடித்தேன். தெரியாமல் இல்லை. மில் என்ஜினில் ஒரு சொட்டுக் குறைந்தால் மேஸ்திரியிடம் கத்துகிறவன் நான். அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

தாளைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 19, ஞாயிறு

காலை எட்டு மணி பஸ். இண்டூரில் இறங்கியபோதே வெயில் ஏறிவிட்டது. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பழம் வாங்கலாமா என்று நின்றேன். கேவலமாக இருந்தது, வாங்கவில்லை.

மாமனார் கிணற்றடியில். பழனியம்மாள் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். என் வண்டியை எடுத்துப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்தாள் போல, சாக்கை விலக்கிக் காட்டினாள்.

"எடுத்துட்டுப் போயிருங்கண்ணா. மாடுங்க மிரளுது."

நோட்டைக் கேட்டேன். கொடுத்தாள். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து படித்தேன். புகையே இல்லை, நல்ல கை, சூடாக ஓடுகிறது, ஜெயித்தது கோவிந்தன். மீன் வரிக்கு வந்ததும், "சிரித்துவிடுவாள்" என்பதை அவள் தானும் ஒரு தடவை சொன்னாள், சத்தமில்லாமல், உதட்டால்.

"அப்ப அவரு கோவமாப் போகலீங்களா?"

"இல்லம்மா."

"அன்னிக்கு நம்ம வூட்டைத் தாண்டித்தானுங்களே போனாரு. அவரு வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். மொதல்ல ஒரு வண்டி போச்சு, அது வேற சத்தம், யாரோன்னு இருந்துட்டேன். பின்னாடி அவரு சத்தம் கேட்டுச்சு. அடுப்புல இருந்து ஓடியாந்தேன், கையக் காட்டலாம்னு. பார்த்தா ராமுலு அண்ணன் ஓட்டிக்கிட்டுப் போறாரு." நிறுத்தினாள். "அன்னிக்கு வண்டிய மாத்திக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. மொத வண்டின்னு தெரிஞ்சிருந்தா வெளிய வந்திருப்பேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். தெரியாமல் என்ற வார்த்தை வரவில்லை. அவன் கேலி செய்தான், எனக்கு ரோஷம், எண்ணெயைக் குறைத்துக் கொடுத்தேன், சொல்லவில்லை, என்ஜின் கவ்விச் சக்கரம் நின்றது, அவன் உயிரோடு என் மடியில் கிடக்கும்போதே திருகைப் பழையபடி திறந்துவைத்தேன். "உன் வாயால இல்லம்மா. என் கையால."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். சாணிக் கையைச் சாக்கில் துடைத்தாள்.

"எந்தத் திருகு? காட்டுங்க."

காட்டினேன். பித்தளை, இரண்டு விரலில் பிடிக்கும் அளவு. அன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்டாள். அரைச் சுற்று மூடிக் காட்டினேன். கையைத் தள்ளிவிட்டு அவளே திருகினாள். திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

"இவ்ளோதானுங்களாண்ணா?"

"இவ்ளோதாம்மா."

பிறகு வெளியே பார்த்துக் கூப்பிட்டாள். இருபது நாளில் அவள் குரல் எழும்பியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். குழந்தைகூட ஓடி வந்தது.

"மாமா! இங்க வாங்க. இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

பெரியவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எழுந்து நின்றேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபம் இல்லை. முதல் தடவை விட்டுப்போன ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன், அன்று காலை எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை. அவர் கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்று, கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டது. தூணைப் பிடித்தபடி அந்த வண்டியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பேத்தியைப் பார்த்தார்.

கடைசியில் பேசியது என்னிடம் இல்லை.

"ஆத்தா," என்றார் அவளிடம். "போயி களி தின்னு. போ. புள்ளையும் கூட்டிக்கிட்டுப் போ. ஏரியூருக்கு ஆரும் போக வேண்டாம்."

அவள் போனாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ இனிமே இந்தப் பக்கம் வராத. வண்டிய நான் ஏத்தி அனுப்புறேன்."

"சரிங்க" என்றேன்.

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. தர்மபுரி வரை நடந்தே வந்தேன்.